பாதிமேல் பாதி

எரிந்துபோன மோட்டாரைப் பிரித்தால் ஒரு வாசனை வரும். அரக்கும் பருத்தியும் சேர்ந்து கருகிய வாசனை. அந்த வீட்டில் அது சோற்றிலும் இருந்தது, துவைத்துக் காயப்போட்ட துணியிலும் இருந்தது. முன்னறை பட்டறை. பின்னறையும் மாடியில் ஓர் அறையும் வீடு. முன்னறையில் நீளமான பெஞ்சின் முன்னால் முப்பத்தெட்டு வருஷம் நின்றபடியே மோட்டார் கட்டியவரைத் தெருவில் எல்லோரும் காயில்காரர் என்றார்கள். உட்கார்ந்து கட்டினால் கை சோம்பிவிடும் என்பது அவர் கட்சி. அப்படி நின்றதில் வலது முட்டி உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. நடக்கும்போது அது இடது முட்டியை இடிக்கும். காலை முழுதாக நீட்டவும் வராது. கடைசி இரண்டு வருஷம் பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

வேலை செய்தது மகன். முப்பத்தொரு வயது. செம்புக் கம்பியை எண்ணி வளையங்களாகச் சுற்றி, மோட்டாரின் உள்பள்ளங்களில் இறக்கி, வெளியே துருத்தி நிற்கும் தலைகளைப் பருத்தி நாடாவால் கட்ட வேண்டும். நாடாவின் ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் பாதியை மூட வேண்டும். பாதிமேல் பாதி என்பார்கள். கட்டு தளர்ந்தால் ஓடும்போது கம்பி நடுங்கும், நடுங்கினால் ஒன்றோடொன்று உரசும், உரசினால் பூச்சு போய்ப் புகைந்துவிடும். மகன் கட்டி முடித்ததும் காயில்காரர் விரலை நாடாவுக்கு அடியில் விட்டுப் பார்ப்பார். நகம் நுழைந்தால் பிளேடை எடுத்து அறுத்துவிடுவார். வாடிக்கையாளர் நிற்கும்போது அறுப்பதில் அவருக்குத் தனி விருப்பம்.

"இது கட்டா? நாய்க் கழுத்துல போடற கயிறுகூட இதைவிட இறுக்கமா இருக்குமேடா. பதினாலு வருஷமா என்னத்தைக் கத்துக்கிட்ட?"

மகன் அறுந்த நாடாவைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து கட்டுவான்.

அந்த மகனுக்குத்தான் ரயில் எஞ்சின் பணிமனையிலிருந்து ஆணை வந்தது. மோட்டார் பிரிவில் வேலை, ஒரு நாள் பயணத் தொலைவில். பேக்கரியில் கல்லாவில் நிற்கும் மருமகள் அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, அலமாரியில் தன் துணிகளுக்கு அடியில் வைத்தாள். காயில்காரர் அன்று சாப்பிடும்போது சொன்னார்:

"நான் நிக்க முடியாத நேரம் பாத்துக் கெளம்பற. நல்லா இருடா."

"முட்டியை மாத்திக்கலாம்னு டாக்டர் சொல்றாங்கல்ல மாமா? மாத்திக்கிட்டா நீங்களே நிக்கலாமே" என்றாள் மருமகள்.

"சரி. கால் நேராகட்டும். அப்புறம் எங்க வேணா போங்க, நான் ஏன் கேக்கறேன்?"

அதை ஒப்பந்தம்போல அவள் பிடித்துக்கொண்டாள். பணிமனையில் சேர ஒரு மாதம் இருந்தது.

அறுவை செய்கிற டாக்டர் குள்ளமான ஒரு பெண். அறைக்குள் நுழைந்ததுமே காயில்காரர் மகன் காதில், "இந்தக் கொழந்தையா எலும்பை அறுக்கப்போகுது?" என்றார். டாக்டர் காதிலும் விழுந்தது. அவள் அவர் காலைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு, முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் துருத்திய சின்ன எலும்பைக் கட்டைவிரலால் தொட்டாள்.

"இங்க ஒரு நரம்பு போகுது. இந்த எலும்பைச் சுத்தி, தோலுக்குக் கீழயே. மேல சதை எதுவும் கிடையாது. பாதத்தை மேல தூக்கறது இந்த நரம்புதான். உங்க கால் இத்தனை வருஷமா உள்பக்கம் சாய்ஞ்சு, மடங்கியே நின்னு பழகிடுச்சு. அதை நேராக்கும்போது வெளிப்பக்கம் இருக்கிறதெல்லாம் இழுபடும். தசைநாரை நான் கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்திக்கலாம். நரம்பை அப்படித் தளர்த்த முடியாது."

"அறுந்துடுமா?"

"அறுக்க மாட்டேன். ஆனா இழுபட்டாலே போதும், நசுங்கினாலே போதும், பாதம் தொங்கிடும். அதனால ரெண்டு டிகிரி கோணல் மிச்சம் இருந்தாலும் அப்படியே விட்டுடுவேன்."

"முழுசா நேராகாதா? அதுக்கு எதுக்கு இந்தச் செலவு?"

"உங்களுக்கு நேரான கால் வேணுமா, தூக்கற பாதம் வேணுமா?"

காயில்காரர் மகனைப் பார்த்தார். யாரும் அவரிடம் இப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. சிரிப்பு வந்துவிடுமோ என்று மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

மழை தொடங்கிய வாரத்தில் அறுவை நடந்தது. இரண்டரை மணி நேரம். வெளியே வந்த டாக்டரின் நெற்றியில் தொப்பியின் தடம் பதிந்திருந்தது. தொடையில் ரத்தத்தை நிறுத்தும் பட்டையை நடுவில் ஒருமுறை தளர்த்திவிட்டுத்தான் மீதியைச் செய்ததாகவும், வெளிப்பக்க நாரை நூல்நூலாகக் கத்தியின் நுனியால் குத்தியே நீட்டியதாகவும் மகனிடம் சொன்னாள். கைவேலைக்காரன் இன்னொரு கைவேலைக்காரனிடம் சொல்வது மாதிரி இருந்தது அது. மகனுக்குப் பிடித்திருந்தது.

மாலையில் மரத்துப்போகும் மருந்து இறங்கியதும் அவள் மறுபடி வந்தாள். காலின் கீழே தலையணை வைத்து முட்டி சற்று மடங்கியிருந்தது. மேலே பஞ்சும் அதன்மேல் துணிக்கட்டும்.

"பாதத்தை மேல தூக்குங்க. விரலை மட்டும் ஆட்டக்கூடாது. உங்க மூக்கைப் பாத்துத் தூக்கணும்."

பாதம் எழுந்தது. பெருவிரல் தனியாக இன்னும் கொஞ்சம் எழுந்தது. டாக்டர் கையைத் தட்டினாள், சின்னப் பெண்போல.

"ஜெயிச்சுட்டோம். இந்தக் கட்டைத் தளர்வாத்தான் போட்டிருக்கேன், வேணும்னேதான். முட்டி இப்படி மடங்கியே இருக்கட்டும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதத்தைத் தூக்கச் சொல்லிப் பாருங்க. தூக்க முடியலன்னா உடனே கட்டை அவிழ்க்கச் சொல்லுங்க. நீங்க பக்கத்துல இருப்பீங்கல்ல?"

"இருப்பேன் டாக்டர்" என்றான் மகன்.

மறுநாள் பிற்பகல் கழிப்பறைக்கு நடத்திக் கூட்டிப்போய்த் திரும்பியதில் கட்டு நழுவிக் கெண்டைக்காலில் வளையமாக விழுந்தது. பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது. மகன் நர்ஸைத் தேடிப் போனான். அன்று அந்தக் கூடத்தில் ஒரே சமயத்தில் நான்கு பேரை அறுவையிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். நர்ஸ் ஒருத்திதான். இளம்பெண், ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவள்.

"பத்து நிமிஷம் சார். வந்து நானே கட்டறேன். நீங்க தொடாதீங்க."

பத்து நிமிஷம் அரை மணி ஆயிற்று. ஜன்னலில் மழை அடித்தது. காயில்காரர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாரேன் லட்சணத்தை. படிச்சவங்க கட்டின கட்டு. நம்ம பட்டறையில ஒருத்தன் இப்படிக் கட்டிக் குடுத்தா உள்ள விடுவேனா?"

"வேணும்னேதான் தளர்வா போட்டேன்னு டாக்டர் சொன்னாங்கப்பா."

"கட்டத் தெரியாதவன் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவான். நீகூடத்தான் சொல்லுவ. எடு, பிரிச்சுக் கட்டு."

"நர்ஸ் வரட்டும்பா."

"பயமா? கை நடுங்குதா? ரயில்காரன் உன்னை எதுக்குக் கூப்பிட்டானோ, டீ வாங்கிட்டு வரவா?"

மகன் கட்டைப் பிரித்தான். துணியை இறுக்கமான உருளையாகச் சுருட்டிக்கொண்டான். கணுக்காலுக்கு மேலே தொடங்கி மேல்நோக்கிச் சுற்றினான். துணி நல்ல துணி, நாடாவைவிட அகலம், கொஞ்சம் இழுபடக்கூடியது. கைக்கு அது பிடித்துப்போயிற்று.

"இறுக்கு. இன்னும். பரிசுப் பொட்டலமா கட்டற?"

கட்டு முழுதும் சமமாக வர வேண்டும் என்று, ஒதுங்கிய பஞ்சை அவன் எடுத்துவிட்டிருந்தான். முட்டிக்குக் கீழே, வெளிப்பக்கம் துருத்திய அந்தச் சின்ன எலும்பின்மேல் துணி நழுவப் பார்த்தது. நழுவாமலிருக்க அந்த இடத்தில் இரண்டு சுற்று கூடுதலாகப் போட்டு இழுத்தான். பாதிமேல் பாதி. ஒரு விளிம்புகூட விலகவில்லை. கட்டு வசதியாக உட்காரட்டும் என்று தலையணையை எடுத்துக் காலை நீட்டிவைத்தான்.

காயில்காரர் குனிந்து விரலைக் கட்டுக்கு அடியில் விட்டுப் பார்த்தார். நகம் நுழையவில்லை. இன்னொரு இடத்தில் பார்த்தார். அங்கும் நுழையவில்லை.

"ம்" என்றார். பிறகு, வெகுநேரம் கழித்து, "இது கட்டு" என்றார்.

மகன் வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்றான். இரண்டு வேகவைத்த முட்டையும் ரொட்டியும் வாங்கித் தின்றான். மனைவிக்குப் போன் செய்து, என்ன விஷயம் என்று அவள் கேட்டபோது, "சும்மாதான்" என்றான்.

நர்ஸ் வந்தபோது கட்டைப் பார்த்து நின்றாள். "யார் சார் கட்டினது? அழகா இருக்கே. விரலை ஆட்டுங்க ஐயா." காயில்காரர் விரல்களைக் கீழே மடக்கினார். அடுத்த படுக்கையில் யாரோ வாந்தி எடுத்தார்கள். அவள் அட்டையில் ஒரு குறி போட்டுவிட்டு ஓடினாள். அதற்குப் பிறகு கால் மரமரவென்று இருப்பதாக அவர் சொன்னார். மரத்துப்போகும் மருந்தின் மிச்சமாக இருக்கும் என்று மகன் நினைத்தான். பாதத்தைத் தூக்கச் சொல்லிப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அந்தக் கட்டைப் பிரிக்க வேண்டியிருந்திருக்கும்.

காலையில் டாக்டர் வந்து, "மூக்கைப் பாத்துத் தூக்குங்க" என்றாள். பாதம் எழவில்லை. மறுபடி சொன்னாள். காயில்காரர் பல்லைக் கடித்தார், கழுத்து நரம்பு புடைத்தது, பாதம் படுக்கையில் சாய்ந்த இடத்திலேயே கிடந்தது.

டாக்டர் கத்தரியை வாங்கிக் கட்டைக் கீழிருந்து மேலே ஒரே இழுப்பில் வெட்டினாள். காலை மடக்கித் தலையணைமேல் வைத்தாள். தோலில் தடங்கள் பதிந்திருந்தன, சம இடைவெளியில், கோடு போட்ட தாள் மாதிரி. சின்ன எலும்பின்மேல் மட்டும் தடம் ஊதா நிறத்தில் இருந்தது. அந்த இடத்தை அவள் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யார் கட்டினது?"

நர்ஸின் முகம் வெளுத்தது. "நான் கட்டலை டாக்டர். நான் வர்றதுக்குள்ள..."

"நான்தான் டாக்டர்" என்றான் மகன்.

காயில்காரர் சிரித்தார். தலையணையில் சாய்ந்தபடி, தொண்டையைச் செருமிக்கொண்டு, உண்மையிலேயே சிரித்தார்.

"இவனா? இவன் கட்டினா இப்படி நிக்குமா டாக்டரம்மா? இவன் கட்டறதை நான் தினமும் அறுத்துக் குப்பையில போடறேன். பாவம், அந்தப் பொண்ணு திட்டு வாங்கக்கூடாதுன்னு சொல்றான். அந்தப் பொண்ணுதான் கட்டுச்சு. நான் பாத்துட்டுத்தானே இருந்தேன்."

மகன் வாயைத் திறந்தான். தகப்பன் அவனைப் பார்த்தார். பதினாலு வருஷமாகப் பிளேடை எடுப்பதற்கு முன் பார்க்கிற அதே பார்வை. வாய் மூடிக்கொண்டது.

டாக்டர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். "நரம்பு அறுபடலை. நசுங்கியிருக்கு. திரும்பி வரலாம். வராமலும் போகலாம்" என்று சொல்லிவிட்டு அட்டையில் எழுதினாள். முந்தாநாள் கைதட்டியவள் இன்று எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது.

அதற்கு மூன்றாம் நாள் மாடிப்படிக்குக் கீழே நர்ஸ் மகனை வழிமறித்தாள்.

"அடுத்த வாரத்துலேருந்து வர வேணாம்னுட்டாங்க சார். நீங்கதான் கட்டினீங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. போதும். வேற எதுவும் கேக்கலை."

"எழுதித் தரேன் சிஸ்டர். நாளைக்குத் தரேன்."

"நாளைக்குத்தான் எனக்குக் கடைசி."

"காலையிலேயே தரேன்."

மறுநாள் காலையில் அவன் பின்வாசல் வழியாக வந்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் முன்னிருக்கையில் மருமகள் உட்கார்ந்திருந்தாள். வெளியே மழைநீர் சக்கர உயரம் நின்றது. காயில்காரர் மகன் பக்கம் சாய்ந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"வெளிய மூச்சு விடாத. அந்த நர்ஸு கட்டினதாவே இருக்கட்டும். இது உனக்கும் எனக்கும் நடுவுல."

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. பேச வேண்டியிருக்கவில்லை. பாதத்தைச் செங்குத்தாகத் தாங்கிப்பிடிக்க ஒரு பிளாஸ்டிக் தாங்கி கொடுத்திருந்தார்கள். அதைக் காலையில் மாட்டுவதும் ராத்திரி கழற்றுவதும் மகனின் வேலை. தாங்கி இல்லாமல் நடந்தால் அவர் முட்டியை மிக உயரத் தூக்கிப் பாதத்தைச் சப்பென்று தரையில் அறைவார். அந்தச் சத்தம் பட்டறைக்குக் கேட்கும். மகன் கம்பி எண்ணிக்கையை விட்டுவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவான்.

பணிமனைக்கு எழுதிக் கேட்டான். தகப்பனார் உடல்நிலை என்று நான்கு மாதம் தள்ளிக் கொடுத்தார்கள். அதற்குமேல் ஒரு நாள்கூட இல்லை என்று அடிக்கோடு போட்டிருந்தது. மருமகள் அந்தத் தாளையும் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

முதல் மாதம் காலுக்குப் பயிற்சி சொல்லித்தர ஓர் ஆள் வந்துகொண்டிருந்தார். காயில்காரர் அவரை நிறுத்திவிட்டார். "செத்த பாம்பைத் தட்டித் தட்டி எழுப்பறான்" என்றார். ஆஸ்பத்திரிக்கும் போக மறுத்தார். "அந்த வாசலை மிதிக்க மாட்டேன். என்னைக் கெடுத்தவங்ககிட்டயே போய்க் காட்டணுமா?" கெடுத்தவங்க என்று சொல்லும்போது மகன் முகத்தைப் பார்ப்பார்.

"நீங்க எதுக்கு இப்படிக் குமையறீங்க? கட்டினது அந்த நர்ஸுதானே?" என்று மருமகள் ஒருநாள் கணவனிடம் கேட்டாள்.

மகன் சொன்னான். அன்று நடந்ததை எல்லாம் சொன்னான். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"இறுக்கச் சொன்னது யாரு?"

"கட்டினது நான்தானே."

"நான் கேட்டது அது இல்ல."

மழை விட்டதும் வேலை குவிந்தது. வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார்கள் வரிசையாக வந்து வாசல்வரை அடைத்தன. சேற்றைக் கழுவி, வெயிலில் காயவைத்து, கருகிய கம்பியை உளியால் வெட்டி இழுக்க வேண்டும். மகனின் நகக்கண்களில் ரத்தம் கட்டியது. காயில்காரர் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். முன்போல இப்போது அறுப்பதில்லை. விரலை விட்டுக்கூடப் பார்ப்பதில்லை. மகன் கட்டி முடித்துவிட்டு ஒரு கணம் அவரையே பார்த்து நிற்பான். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அறுத்திருந்தால்கூடத் தேவலை என்றிருக்கும் அவனுக்கு.

"உங்க அக்காவைக் கூட்டிட்டு வந்து ஆறு மாசம் வெச்சுக்கலாம். இல்ல ஒரு ஆளைப் போடலாம். நீங்க போங்க" என்றாள் மருமகள், கெடு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது.

"இப்படிக் காலை இழுத்துக்கிட்டு நிக்கறவரை விட்டுட்டா?"

"அப்போ நான் என்ன செய்யறது? சொல்லுங்க. ரொட்டி எண்ணிக்கிட்டே இருக்கவா?"

கீழே சப்பென்று ஒரு சத்தம் கேட்டது. இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

கெடு வெள்ளிக்கிழமை முடிந்தது. அன்று மாலை அவள் அலமாரியிலிருந்து இரண்டு தாள்களையும் எடுத்து அடுப்பங்கரையில் வைத்தாள். மகன் அவற்றை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காயில்காரர் இரண்டாம் தடவை சோறு கேட்டார்.

ஞாயிறு காலை தாங்கியை மாட்ட மகன் குனிந்தபோது அவர், "இருடா" என்றார். பாதம் மேலே எழுந்தது. பெருவிரல் இன்னும் கொஞ்சம் எழுந்தது.

மகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையாலும் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். பெரிய சத்தமாக அழுதான். மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று மட்டும் அவனுக்குச் சொல்ல வந்தது. காயில்காரர் அவன் தலையில் கையை வைத்து, "சரி, சரி. அழாத. எல்லாம் சரியாப் போச்சு" என்றார்.

திங்கட்கிழமை அவனே வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டருக்குக் காட்ட வேண்டும் என்று இருந்தது அவனுக்கு. மருமகள் பேக்கரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கூடவே வந்தாள்.

டாக்டர் தன் உள்ளங்கையைப் பாதத்தின்மேல் வைத்துக் கீழே அழுத்தினாள். "எதிர்த்துத் தூக்குங்க." பாதம் எதிர்த்தது. இன்னும் பலமாக அழுத்தினாள். பாதம் அசையாமல் நின்றது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசையைத் தடவிப் பார்த்தாள். இரண்டு காலையும் நாடாவால் அளந்தாள்.

"அருமை. தசைகூடத் திரும்பிடுச்சு. ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்ல." அவள் சிரித்தபடி எழுதிக்கொண்டே கேட்டாள். "இவ்வளவு பலம் வரணும்னா ரெண்டு மாசத்துக்குக் கொறையாது. லேசா ஒரு துடிப்புலதான் ஆரம்பிக்கும், அப்புறம் வாரக்கணக்கா மெல்ல மெல்ல ஏறும். முதல்ல அசைஞ்சது எப்போ? தேதி எழுதணும்."

காயில்காரர் சுவரில் தொங்கிய எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் பேனாவுடன் காத்திருந்தாள்.

"நேத்து, டாக்டர்" என்றான் மகன்.

"நேத்தா? வாய்ப்பே இல்ல. யாரும் கவனிக்கலை போலிருக்கு" என்று சொல்லி அவள் ஏதோ எழுதினாள்.

தாழ்வாரத்தில் மருமகள்தான் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"எப்போ மாமா?"

அவர் நடந்துகொண்டே சொன்னார். "மழை விட்ட வாரம்."

"அப்போ கெடு இருந்துச்சே. ரெண்டு மாசத்துக்கு மேல இருந்துச்சு."

"இருந்துச்சு."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா போயிருப்பீங்க." அதில் வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. மணி என்ன என்று கேட்டதற்குச் சொன்ன பதில்போல இருந்தது.

மாடிப்படி வந்தது. இரண்டு மாடி இறங்க வேண்டும். காயில்காரர் முதல் படியில் காலை வைத்தார். குதிகால் முதலில், பிறகு விரல்கள், சத்தமே இல்லாமல். இரண்டாவது படி. மூன்றாவது படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"வாடா. கடை தெறக்கணும்."

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் கை சட்டைப்பைக்குப் போய், அங்கே மடித்து வைத்திருந்த தாள்களின்மேல் நின்றது. ஏதோ சொல்லப்போகிறான் என்று அவள் நினைத்தாள். ஒரு வார்த்தை போதும், எந்த வார்த்தையாக இருந்தாலும் போதும் என்று நினைத்தாள். தானும் கூடச் சொல்லத் தயாராக மூச்சை இழுத்துக்கொண்டாள்.

அவன் இரண்டு படி இறங்கினான். சட்டைப்பையிலிருந்து கையை எடுத்தான். ஐந்து மாதமாகப் பழகிய அந்தக் கை, அவனைக் கேட்காமலேயே தகப்பனின் அக்குளுக்கு அடியில் போயிற்று.

காயில்காரருக்கு அது தேவையாக இருக்கவில்லை. ஆனாலும் தன் முழுப் பாரத்தையும் அதன்மேல் சாய்த்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார்.